முசாக்கா பண்றீங்களா? கத்திரிக்காய்கிட்ட ஜாக்கிரதை

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் முதல் தடவையா முசாக்கா (கத்திரிக்காய், கைமா, வெள்ளை சாஸ்னு அடுக்கி ஓவன்ல வேக வைக்கற கிரேக்க சாப்பாடு) பண்றேன்னு கூப்பிட்டான், போய் பாத்தா மெல்போர்ன்ல ஒரு கிரேக்க ஹோட்டல் கிச்சன்ல வேலைக்கு சேந்த புதுசுல நான் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்ட அதே தப்பு. உப்பு கூடிருச்சு, மேல கருகிருச்சு, அதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, தானா கத்துப்பீங்க.

கத்திரிக்காயை எண்ணெய்ல குளிப்பாட்டுறது

இத பாத்தாலே எனக்கு இன்னும் எரியுது. கத்திரிக்காய் உள்ள பூரா காத்து, வாணலில போட்டதும் எண்ணெய மொத்தமா குடிச்சிரும், அடி காயுதேன்னு நாம இன்னும் ஊத்துவோம், அதையும் குடிக்கும். ஹோட்டல்ல அன்னிக்கு ரெண்டு கிலோ கத்திரிக்காய்க்கு ஒரு லிட்டர் ஆலிவ் ஆயில் காலி. ஓவன்ல ட்ரே ஓரமா எண்ணெய் கொதிச்சு வழிஞ்சு ஒரே புகை, வெளிய எடுத்து லேசா சாச்சா மேல இருந்த வெள்ளை சாஸ் அப்படியே வழுக்கிட்டு ஒரு மூலைக்கு போயிருச்சு. மொத்த ட்ரேயும் குப்பைல, ஆயில் காசு என் சம்பளத்துல.

100 கிராம் கத்திரிக்காய்ல சுமார் 25 கலோரிதான், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல 120. கைமால புரதம், சாஸ்ல பாலோட கால்சியம், காய்ல நார்ச்சத்துன்னு பாத்தா நல்ல சாப்பாடுதாங்க, "ஐயோ ஹெவி"ன்னு வயித்த புடிக்கிறவங்க சாப்பிட்டது எண்ணெய.

அரை இஞ்ச் வட்டமா வெட்டி, உப்பு தூவி அரை மணி நேரம் தண்ணி வடியவிட்டு, துணில அழுத்தி ஒத்தி, பிரஷ்ல எண்ணெய் தடவி, ஓவன்ல 200 டிகிரி செல்சியஸ்ல சிவக்க விடுங்க. அவ்ளோதான்.

கைமா தண்ணியா இருக்கறது

கரண்டியால இழுத்தா சட்டி அடி தெரியணும். பட்டை போடலாம். கரம் மசாலா வேணாம்.

வெள்ளை சாஸ் இல்லன்னா முசாக்காவே இல்லன்னு சண்டை போடறது

அந்த வெள்ளை சாஸ் (பெசமெல்) அடுக்கு 1920கள்ல நிக்கோலாவோஸ் செலெமெண்டெஸ்ங்கற சமையல்காரர் பரப்பினது, வியன்னால தொழில் படிச்ச மனுஷன், பிரெஞ்சு சமையல்னா உசுரு. கிரீஸ்ல சமையல் புத்தகத்துக்கே அவர் பேரைத்தான் சொல்லுவாங்க, அந்தளவு ஆட்சி. துருக்கில சாஸும் இல்ல அடுக்கும் இல்ல, சோத்தோட சாப்பிடுவாங்க. பல்கேரியால கத்திரிக்காய்க்கு பதிலா உருளைக்கிழங்கு, மேல தயிரும் முட்டையும். பேரே அரபிலேந்து வந்தது, இதுல யாரு ஒரிஜினல்?

சுடச்சுட வெட்டறது

முக்கால் மணி நேரம் தொடாதீங்க. ஃப்ரெண்டுக்கு பொறுக்கல. கரண்டில அள்ளி கிண்ணத்துல ஊத்திதான் சாப்பிட்டோம்.