காற்று மேலே இழுக்கும்போது கீழ் விளிம்பை யார் பிடிப்பது?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய பிறகு, ஒரு மொட்டை மாடி ஷெட்டைப் பார்க்கப் போனேன். ஷீட் பறக்கவில்லை, ஸ்க்ரூ ஒன்றுகூடக் கழலவில்லை. அடியில் நின்று அண்ணாந்தால், ஷீட்டைத் தாங்கும் ‘C’ வடிவ இரும்புக் குறுக்குச் சட்டங்கள், அதாவது சி பர்லின்கள், எல்லாம் ஒரே பக்கமாக முறுக்கியிருந்தன. ஷீட்டோடு சேர்ந்த மேல் விளிம்பு நேராக இருக்க, கீழ் விளிம்பு மட்டும் நெளிந்திருந்தது.

கூரை என்றால் கீழே அழுத்தும் பாரம் என்று மட்டுமே நினைப்பதுதான் முதல் தவறு. காற்று அதை மேலேயும் இழுக்கும். கடலூர், புதுச்சேரி கடலோரத்துக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதே சதுர மீட்டர் அளவு 0.5 மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ சுமார் 5 கிலோதான். நாலு பக்கமும் திறந்த ஷெட் என்றால் அடியிலிருந்தும் காற்று தள்ளும்.

சாதாரண நாளில் பர்லினின் மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். மேல் விளிம்பை ஷீட் பிடித்துக்கொள்வதால் கவலையில்லை. காற்று மேலே இழுத்தால் அமுங்குவது கீழ் விளிம்பு, அதைப் பிடிக்க ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் ஸ்கேலின் இரு முனையையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். சட்டென்று பக்கவாட்டில் வளையும். அதேதான்.

“சாக் ராடு போட்டிருக்கோமே சார்” என்பார் ஃபேப்ரிகேட்டர். அந்தக் கம்பி பர்லின் சரிவில் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கத்தான். தள்ளினால் வளைந்துவிடும். அதையும் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் துளை போட்டு நுழைத்திருந்தால், கீழ் விளிம்புக்கு ஒரு பயனும் இல்லை. கீழ் விளிம்பைப் பிடிக்க, இரண்டு பர்லின்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட முழு உயரத்துக்கு ஒரு சேனல் துண்டை வைத்து, இரு முனையிலும் போல்ட் போட வேண்டும். நீளத்தைப் பொறுத்து நடுவில் ஒன்றா, மூன்றாகப் பிரித்து இரண்டா என்பதை டிசைன் செய்பவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

இதைப் போட்டும் சிலர் கோட்டை விடுகிறார்கள். வரிசையின் கடைசித் துண்டை உறுதியான சட்டம் எதிலும் கட்டுவதில்லை. அப்புறம் எல்லாப் பர்லினும் கைகோத்துக்கொண்டு சாயும்.

போல்ட்டுக்குப் பதில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், உப்புக் காற்றுக்கு அந்த இடம்தான் முதல் இரை. ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம், அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போடுங்கள்.

சி பர்லினுக்குப் பதில் சதுரக் குழாய் போட்டவர்களுக்கு முறுக்குத் தொல்லை குறைவு. அவர்கள் தூணின் அடித்தகட்டைப் பார்க்கட்டும். பல மாடிகளில் அதைத் தளத்தோடு பிடிக்கும் போல்ட், மேலே பதித்த தட்டோட்டையும் அதன் அடியிலுள்ள சுருக்கிக் கலவையையும் தாண்டிக் கான்கிரீட்டைத் தொட்டே இருக்காது.