முனைவர் பட்ட ஆய்வாளர் பாதியில் நின்றுபோகாமல் இருக்க: புதிய நெறியாளர்களுக்கு

நெறியாளர் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த வாரமே "சார், உங்ககிட்ட இடம் இருக்கா?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி ஒரே நேரத்தில் உதவிப் பேராசிரியர் 4 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், பேராசிரியர் 8 பேரையும் வைத்துக்கொள்ளலாம். அது உச்ச வரம்புதான், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றில்லை. நான்கு இடத்தையும் ஒரே ஆண்டில் நிரப்பினால், நான்கு ஆய்வேடுகளும் ஒரே பருவத்தில் மேசைக்கு வந்து விழும். தலைக்கு 250 பக்கம் என்று வைத்தாலும் ஆயிரம் பக்கம். ஆண்டுக்கு ஒருவர் போதும்.

சேர்க்கும் முன் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். நினைத்திருக்கும் தலைப்பில் ஐந்து பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். மொழிப் பிழை இருந்தால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். அந்த ஐந்து பக்கத்தில் ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பகுதிநேர ஆய்வாளர் என்றால் வேலையிடத்துத் தடையின்மைச் சான்றை வாங்கும்போதே, வாரத்தில் எந்த இரண்டு நாள் எத்தனை மணிக்கு எழுத உட்காருவார் என்றும் கேளுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று பதில் வந்தால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வராமல் போகிறார்கள்

ஆய்வு நிற்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சொன்ன தேதிக்கு இயல் முடியவில்லை. வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு அந்த வாரம் வருவதில்லை. அடுத்த முறை, போன தடவை வராததற்கும் சேர்த்து ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று தோன்றும். மூன்று மாதம் கழித்து, நெறியாளரின் எண்ணைப் பார்த்தாலே பயம்.

எனவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எழுதாவிட்டாலும் வர வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், நாற்பது நிமிடம். வெளியூர்க்காரர் என்றால் மாதத்தில் ஒருமுறை நேரில், ஒருமுறை காணொளியில். சந்திப்பு முடிந்த அன்று மாலையே ஆய்வாளர் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பட்டும்: என்ன பேசினோம், என்ன முடிவு, அடுத்த வேலை யாருடையது, எந்தத் தேதிக்குள். நீங்கள் "சரி" என்று பதில் போட்டால் போதும். பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றம் காட்டியாக வேண்டும் என்பது விதி. அப்போது இந்த மின்னஞ்சல்களே அறிக்கைக்குப் பாதி ஆகிவிடும்.

இரண்டு சந்திப்பு தொடர்ந்து தவறினால் மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள். "எங்க போயிட்டீங்க?" என்று ஆரம்பிக்காமல், "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இருக்கேன், ஒரு பக்கம் இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, இல்லைன்னாலும் வாங்க" என்று சொன்னால் வந்துவிடுவார்கள்.

திருத்துவது எப்படி

நெறியாளர் பலர் சறுக்குவது இங்கேதான். முப்பது பக்க இயலை வாங்கி, மூன்று மாதம் பையில் வைத்திருந்து, முதல் ஐந்து பக்கத்தில் ஒற்றுப்பிழையை எல்லாம் சிவப்பில் சுழித்து, கடைசியில் "இன்னும் ஆழமாக எழுதவும்" என்று போட்டுக் கொடுப்பார்கள். ஆய்வாளர் அதை வைத்து என்ன செய்வார்? ஒற்றை மட்டும் திருத்திக்கொண்டு வருவார்.

முப்பது பக்கத்துக்கு 14 நாள் என்று உங்களுக்கு நீங்களே கெடு வையுங்கள். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாமல் வாதத்தை மட்டும் பாருங்கள். முடித்ததும் இயல் என்ன சொல்கிறது என்று இரண்டு வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அதுவே முதல் குறிப்பு. இரண்டாம் வாசிப்பில் சான்றுகளும் அட்டவணைகளும். மொழித் திருத்தம் கடைசி வரைவுக்குத்தான். நாளைக்கு வெட்டப்போகும் பத்திக்குச் சந்தி பார்த்து என்ன பயன்?

குறிப்பு இப்படி இருக்கலாம்: "12-ஆம் பக்கத்தில் கூலி குறைந்தது என்கிறீர்கள். 15-ஆம் பக்க அட்டவணையில் மூன்று ஊர்களில் கூடியிருக்கிறது. எது சரி? அந்த மூன்று ஊருக்கும் காரணத்தைத் தனியாக எழுதுங்கள்." இதைப் படித்தவருக்கு நாளைக் காலை எதில் உட்கார வேண்டும் என்று தெரியும். ஓர் இயலுக்கு இப்படி ஐந்தாறு குறிப்பு போதும். நாற்பது எழுதினால் முக்கியமான மூன்று அதில் காணாமல் போய்விடும்.

எழுத்துருவும் ஒப்புமைச் சோதனையும்

தமிழில் எழுதும் ஆய்வாளர் முதல் வரியிலிருந்தே யூனிகோடில் தட்டச்ச வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைகள் இன்னும் இருக்கின்றன. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை மென்பொருள் அந்தக் கோப்பைத் தமிழாகவே பார்க்காது. அதற்கு அது வெறும் ரோமன் எழுத்துக் குப்பை. கடைசியில் மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றினால் அடிக்குறிப்பில் இருக்கும் ஆங்கில நூற்பெயர்களும் சேர்ந்து மாறி, படிக்க முடியாத தமிழாகிவிடும். அதைக் கையால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

ஒப்புமைச் சோதனையை இயல்வாரியாகச் செய்யுங்கள். யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திச் சமர்ப்பிக்கவே ஓராண்டுத் தடை, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. நூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம் எல்லாம் கணக்கில் சேராது. ஆனால் மென்பொருளில் அவற்றை நீக்கும்படி தேர்வுசெய்யாமல் ஓட்டிவிட்டு, 18 விழுக்காடு வந்ததைப் பார்த்து ஆய்வாளர் அலறுவது வழக்கமாக நடக்கிறது.

காலமும் காசும்

படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தக் காலத்திலும் 240 நாள் வரை எடுக்கலாம். இதைச் சேர்க்கையின்போதே சொல்லுங்கள். கேட்கத் தயங்கி, விடுப்பு எடுக்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குபவருக்குப் பணம் மொத்தம் 5 ஆண்டுதான். இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழு கூடிப் பரிந்துரைத்த பிறகே எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆக உயரும். 2023 ஜனவரியிலிருந்து உள்ள கணக்குப்படி, மாதம் 37,000 ரூபாய் என்பது அப்போது 42,000 ஆகும். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள். உங்கள் கையெழுத்து ஒரு மாதம் தாமதமானால் அங்கே விடுதிக் கட்டணம் பாக்கி விழும். ஆய்வேட்டின் முழு வரைவு நான்காம் ஆண்டு முடிவில் இருந்தாக வேண்டும் என்பதும் இந்தக் கணக்கால்தான்.

விடைத்தாள் கூட்டல், வீட்டு வேலை, பிள்ளைக்கு டியூஷன் எதற்கும் ஆய்வாளரைக் கூப்பிடக் கூடாது. கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, "விட்டுடலாம்னு இருக்கு மேடம்" என்று சொல்பவரிடம் இயலைப் பற்றிப் பேச வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். எண்ணைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நீங்களும் ஒருமுறை பேசுங்கள்.

கடைசிக் கட்டம்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவு வரை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது விதி. மெதுவாக அறிக்கை தரும் தேர்வாளர் ஒருவர் பட்டியலில் இருந்தாலும் அது நடக்காது. வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு வேறு துறை ஆசிரியர் இருவரை உட்காரவைத்து ஒரு ஒத்திகை நடத்துங்கள். "உங்கள் ஆய்வில் புதிதாக என்ன?" என்ற கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குள் பதில் வர வேண்டும்.

பட்டம் அறிவிக்கும் முன் மென்படி, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்குப் போகும். அனுப்பும் முன் பிடிஎஃப்பைத் திறந்து, ஆய்வேட்டில் வரும் ஏதாவது ஓர் ஊரின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் எழுத்துருச் சிக்கல் இன்னும் உள்ளே இருக்கிறது. கோப்பைத் திருப்பிக் கொடுங்கள்.