வீட்டை மாற்றலாமா? முதலில் இரண்டு அறையைப் பூட்டிப் பாருங்கள்

எங்கள் வீட்டில் பொங்கல் முடிந்த வாரம்தான் இந்தப் பேச்சு கிளம்பும். அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லாம் வந்து, ஹாலில் பாய் விரித்துப் படுத்து, குளியலறைக்கு வரிசை நின்று, எல்லோரும் பஸ் ஏறிப் போனதும் "இந்த வீடு பத்தாதுங்க, பெருசா பாக்கணும்" என்று மனைவி ஆரம்பிப்பார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிற அன்று எனக்கு நேர் எதிராகத் தோன்றும்: இத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார், விற்றுவிட்டு ஒரு ஃபிளாட்டில் நிம்மதியாக உட்காரலாமே. இரண்டுமே தப்பான நாளில் வருகிற யோசனை. விருந்தாளி வரும் பதினைந்து நாளுக்குப் பாயும் இன்னொரு ஃபேனும் போதும், மிச்சமுள்ள 350 நாள் எப்படிப் புழங்குகிறோம் என்பதை வைத்துத்தான் வீட்டின் அளவு.

2016ல் நான் இதைத் தெரியாமல் செய்தேன். மஞ்சக்குப்பத்தில் சிங்கிள் பெட்ரூம் போர்ஷனை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே மூன்று பெட்ரூம் தனி வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். காற்று நன்றாக வந்தது, மறுக்கவில்லை. மூன்றாவது அறையில் ஆறே மாதத்தில் ஓடாத சைக்கிள், மிக்சி வந்த அட்டைப்பெட்டி, பழைய பாடப்புத்தகம் என்று குடியேறிவிட்டன, அவற்றுக்கும் சேர்த்து நான் வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கும் கடைக்கும் போய்வந்த பெட்ரோல் செலவு தனி. இரண்டு வருஷத்தில் திரும்பி ஊருக்குள் டபுள் பெட்ரூமுக்கு வந்துவிட்டோம்.

அதனால் முதல் வேலை: சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு மாதம் குறித்து வையுங்கள். இன்று எந்த அறைக்குள் யார் போனார்கள், எதற்குப் போனார்கள். துணி எடுக்கப் போனது கணக்கில் வராது. உட்கார்ந்தது, படித்தது, படுத்தது மட்டும். கூடவே, எதற்காவது இடம் இல்லாமல் சண்டை வந்ததா என்றும் எழுதுங்கள். பெரிய வீடு வேண்டும் என்பதற்கு உண்மையான அடையாளம் இந்தச் சண்டைகள்தான். பத்தாவது படிக்கிற பெண் டிவி சத்தத்துக்குப் பயந்து மொட்டை மாடிக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள், மாமனார் நிரந்தரமாக வந்துவிட்டார் ஆனால் கழிவறை மாடியில் இருக்கிறது, இப்படி ஆள் சம்பந்தப்பட்டதாக இருந்தால் யோசிக்கலாம். சாமான் வைக்க இடமில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுங்கள், வீட்டு ப்ரோக்கரை அல்ல.

சின்ன வீட்டுக்குப் போகிறவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது ஒத்திகை. நீங்கள் வேண்டாம் என்று நினைக்கிற அறைகளை மூன்று மாதம் பூட்டிவிடுங்கள். சாவி பக்கத்துத் தெருச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும், கையில் இருந்தால் திறந்துவிடுவோம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார், ஆனாலும் மாடி முழுவதையும் பூட்டினார். மூன்று மாதம் கழித்துக் கேட்டேன். "பூட்டுன ரூம் ஞாபகமே வரலப்பா. ஆனா சாயங்காலம் திண்ணையில உக்காராம என்னால முடியாது. ஃபிளாட்ல திண்ணை எங்கடா இருக்கு?" என்றார். அவருக்கு வேண்டாதது மாடிதான், வீடு இல்லை. இது தெரியாமல் விற்றிருந்தால் பாவம் என் தலையில் விழுந்திருக்கும்.

பெரிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கான ஒத்திகை பணத்தில். இப்போது வாடகை 9,000 கட்டுகிறீர்கள், கடன் வாங்கி வீடு வாங்கலாம் என்று எண்ணம் என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700 வரும். வித்தியாசம் 12,700. அதை மாதாமாதம், ஆறு மாதத்துக்கு, வங்கியில் ஒரு ஆர்டியில் (தொடர் வைப்பு) போட்டுக்கொண்டே இப்போதைய வீட்டில் குடும்பம் நடத்திப் பாருங்கள். நடுவில் ஒரு கல்யாண மொய், ஒரு பல் வைத்தியம், ஒரு பள்ளிக் கட்டணம் வந்தும் சமாளித்தால் நீங்கள் தயார். நான்காவது மாதமே ஆர்டியை உடைத்தீர்கள் என்றால் அதுவும் நல்ல பதில்தான், வங்கிக்குப் போவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. பெரிய வீட்டின் கரண்ட் பில்லையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும், இன்னொரு ஏசி போட்டால் தாண்டிவிடுவோம்.

விற்று வாங்குகிற கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 60 லட்சத்துக்கு விற்று 40 லட்சத்துக்கு வாங்கினால் 20 லட்சம் கையில் நிற்கும் என்று நினைப்போம். தமிழ்நாட்டில் வாங்கும்போது முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது 3,60,000. ப்ரோக்கர், பெயிண்ட், கிரில், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சம் போயிற்று. மிச்சம் 15 லட்சம். ஏழு சதவீத வட்டியில் போட்டால் மாதம் 8,750. மோசமில்லை, ஆனால் இதே தொகைக்குப் பக்கத்தில் மாடியை வாடகைக்கு விட்டாலே வருமா என்று பாருங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு, தனி மீட்டர், மாடியில் ஒரு சின்னச் சமையலறை, அவ்வளவுதான். அம்மா விற்காமலே சின்ன வீட்டுக்கு மாறிவிட்டார், திண்ணையும் பிழைத்தது, ராத்திரியில் மேலே ஆள் நடமாட்டமும் இருக்கிறது.

அப்படியும் விற்பது என்றால் வரி விஷயம் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ, லாபத் தொகை அளவுக்கு வீட்டில் போட்டால் போதும், விற்ற பணம் முழுவதையும் போட வேண்டியதில்லை. 40 லட்சம் வீட்டுக்குப் போகிறவரின் லாபம் 35 லட்சம் என்றால் வரி கிடையாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் தேதிக்குள் வாங்க முடியாவிட்டால் பணத்தை வங்கியில் இதற்கென்று உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். ஆடிட்டரிடம் விற்பதற்கு முன் போங்கள், விற்றுவிட்டுப் போனால் அவர் தலையைத்தான் சொறிவார்.

இனி நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கே உரிய விஷயம். எந்த வீடானாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பங்குனி வெயிலில் எல்லா நகரும் நல்ல நகர்தான். 2015 வெள்ளமும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை மீறியதும் யாருக்கும் மறக்கவில்லை. அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கும். வீட்டுக்காரரைக் கேட்காமல் தெருமுனை டீக்கடையில் கேளுங்கள்: அண்ணே, போன வெள்ளத்தில் எந்தப் படி வரைக்கும் வந்தது? சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தால் பதில் அங்கேயே இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் பழைய வீடு என்றால் பால்கனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைத் தள்ளியிருக்கும். வீடு பெரிதாக இருந்தால் அந்தச் செலவும் பெரிது.

புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு, அதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்கிறதே என்று கடலூருக்கு வர நினைக்கிறவர்கள் உண்டு. நடுவில் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் மாநிலம் மாறுகிறது. ரேஷன் கார்டு மாறும், கரண்ட் கட்டணம் மாறும். தமிழ்நாட்டின் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்கும் என்பது லாபம். பிள்ளை பிளஸ் டூ பக்கம் வந்துவிட்டால் மட்டும் நிதானியுங்கள், சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கை அமைப்பு) சேர்க்கையில் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று கேட்பார்கள், பெட்ரூம் ஆசையில் அதைக் கோட்டை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வாடகை அட்வான்ஸிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, தனியாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைதான் முன்பணம். கேட்பதென்னவோ பலரும் அதற்கு மேல்தான், சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம், தப்பில்லை.

எல்லாம் பார்த்து மாறுவது என்றே முடிவாகிவிட்டால், நாள் குறிக்கும்போது ஆடி, மார்கழியை ஊரே ஒதுக்கும். மழை மாதங்களை நான் ஒதுக்குவேன். மிஞ்சுவது தையிலிருந்து ஆனி வரை, அதிலும் பள்ளி முழுப்பரீட்சை முடிந்த சித்திரை, வைகாசிதான் வசதி. முடிந்தால் பத்து நாளாவது இரண்டு வீட்டுச் சாவியும் கையில் இருக்கும்படி பேசிக்கொள்ளுங்கள், அந்த வாடகை வீண் இல்லை. பால் காய்ச்சிவிட்டு ஒரு ராத்திரி புது வீட்டில் வெறும் பாயில் படுத்தால் எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தக் கொசு எந்த ஜன்னலில் வருகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், குட்டியானை வண்டிக்குச் சொல்லும் முன் வாசற்படியின் அகலத்தையும் பீரோவின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் தேக்குக் கட்டில் இரண்டு மணி நேரம் தெருவில் கிடந்தது, கடைசியில் ஜன்னல் கிரில்லைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினோம்.