சித்திரை வெயிலை ட்ரம்ல புடிச்சு ஐப்பசிக்கு வெச்சுக்கறது எப்படி

ஐப்பசி கார்த்திகை அடைமழைல தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் விதைநெல் ரூமுக்குள்ள போனா சாக்கே பிசுபிசுன்னு கையில ஒட்டும். ஏர் கூலர் போட்டா இன்னும் மோசம், அது காத்துல ஈரத்தை ஏத்தித்தான் குளிர வெக்குது, நம்மூர் காத்துல அதுக்கு ஏது எடம்? மொதல்ல ஈரத்தை எடுக்கணும். அதுக்கு ஈரத்தை இழுக்கற உப்புக் கரைசல் இருக்கு, நீர்த்துப் போனதை சித்திரை வெயில்ல சுண்ட வெச்சு ட்ரம்ல மூடி வெச்சா ஐப்பசிக்கு ஆகும்.

கால்சியம் குளோரைடு செதில் உப்பு கெமிக்கல் கடைல 77 சதவீதம்னு கேட்டு வாங்குங்க. 48 லிட்டர் தண்ணில 52 கிலோவைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்குங்க, உப்பு மேல தண்ணிய ஊத்தாதீங்க, நல்லா சூடேறும், தெறிக்கும், கண்ணாடியும் கிளவுஸும் கட்டாயம். ஆறினதும் 1 லிட்டரை எடை போட்டா 1.4 கிலோ நிக்கணும், அதான் 40 சதவீதக் கரைசல். இன்னும் கெட்டியாக்கினா மார்கழிக் குளிர்ல உப்பு படிஞ்சு பைப் அடைச்சுக்கும். லித்தியம் குளோரைடு இதைவிட நல்லா இழுக்கும், ஆனா அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

இந்த 100 கிலோ கரைசல், 30 சதவீதமா நீர்த்துப் போறதுக்குள்ள 33 லிட்டர் ஈரத்தை இழுத்துரும். எனக்கு ரொம்பப் புடிச்சதே இதான், வெந்நி போட்டு வெச்சா விடிஞ்சா ஆறிடுது, பேட்டரி சும்மா கெடந்தாலும் இறங்குது, உப்போட தாகம் மட்டும் மூடி இறுக்கமா இருந்தா மாசக்கணக்கா அப்படியே இருக்கும்.

ரூமை நல்லா அடைச்சுட்டு கூலர் பேட் மேல கரைசலை மெதுவா சொட்ட விட்டு பின்னாடி ஃபேன் வைங்க. ஸ்ப்ரே வேணாம், உப்புத் துளி பறந்து சாக்குல படியும். ட்ரம், பைப், பம்ப் எல்லாம் பிளாஸ்டிக், இரும்பை அரிச்சுத் தின்னுரும். ஒவ்வொரு லிட்டர் ஈரத்துக்கும் கிட்டத்தட்ட 0.7 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு வெளிய வரும், அதனால ட்ரம்முக்குள்ள ஒரு பிளாஸ்டிக் டியூபைச் சுருட்டிப் போட்டு போர் தண்ணிய ஓட விடுங்க, இல்லன்னா கரைசல் சூடேறி இழுக்கறதை விட்டுடும். ஆளுங்க இருக்கற ரூம்னா அந்த வறண்ட காத்தை அப்புறமா கூலர்ல விடுங்க, அப்பத்தான் நெசமாவே குளிரும்.

லிட்டர் 1.28 கிலோவுக்கு இறங்கினா தாகம் தீந்துச்சுன்னு அர்த்தம். தனி ட்ரம்ல எடுத்து வெச்சு, வெயில் வந்ததும் மொட்டை மாடில கருப்பு பிளாஸ்டிக் தட்டுல 2 இஞ்சு ஒசரம் ஊத்தி மேல கண்ணாடி போடுங்க, ரெண்டு ஓரமும் காத்து போக எடம் விடணும். சாயங்காலமே மூடிடுங்க, ராத்திரி விட்டா பனியைக் குடிச்சுரும். திரும்ப 1.4 வந்ததும் ட்ரம்முக்கு. ஒரு சொட்டுகூட வயக்காட்டுப் பக்கம் போகவிடாதீங்க, மண்ணு உப்பாயிடும்.