கேபிள் டிவி வயரில் ஒரு கிக்கர் பல்ஸ்

துகள் முடுக்கியில் ஓடும் கற்றையைத் திருப்பிவிடுவது கிக்கர் காந்தம். கற்றையில் விட்டிருக்கும் சின்ன இடைவெளிக்குள் அது முழு வலுவுக்கு வந்து, வேலை முடிந்ததும் சட்டென்று விழ வேண்டும். இல்லையென்றால் திருப்பக் கூடாத கற்றையும் உதை வாங்கும். இதற்கான குறுகிய மின்துடிப்பை, அதாவது பல்ஸை, அனுப்பப் பல இடங்களில் சுவிட்சாக இருப்பது தைராட்ரான் என்ற வாயு நிரப்பிய குழாய். போட்டால் போட்டதுதான், நடுவில் அணைக்க முடியாது. அப்புறம் பல்ஸை முடித்து வைப்பது யார்? கேபிள்தான்: அதில் ஏற்றிவைத்த மின்சாரம் தீர்ந்ததும் பல்ஸும் முடிந்துவிடும். அதை 9 வோல்ட் பேட்டரியிலேயே பார்க்கலாம்.

தர்மபுரியில் உங்கள் ஏரியா கேபிள்காரரைக் கேட்டாலே 75 ஓம் ஆர்ஜி-6 வயர் 20 மீட்டர் கிடைக்கும். 150 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 மெகா ஓம் ஒன்று. காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் இங்கே சிக்கவில்லை என்றால் பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலோஸ்கோப்புக்கு காலேஜ் லேப்தான் வழி.

முதலில் வயரின் ஒரு முனையில் எஃப் கனெக்டர் மாட்டுங்கள். மேல்வலை பெரும்பாலும் அலுமினியம், சால்டர் ஒட்டாது, அதனால் கிரவுண்டை கனெக்டரின் உடம்பில் இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனை சும்மா திறந்தே கிடக்கட்டும்.

அடுத்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 1 மெகா ஓம் வழியாக நடுக்கம்பிக்கு, மைனஸ் மேல்வலைக்கு. அதே நடுக்கம்பியிலிருந்து ரீட் சுவிட்ச், அதற்கப்புறம் 150 ஓம் இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்து (மொத்தம் 75 ஓம்) மேல்வலைக்கு. கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள், இங்கே நீளக் கம்பி அலையின் முனையை மழுக்கிவிடும்.

ஆஸிலோஸ்கோப் புரோபை 75 ஓமின் குறுக்கே வைத்து, சிங்கிள் டிரிக்கர் 2 வோல்ட்டில் போட்டு, காந்தத்தை ரீட் சுவிட்ச் பக்கம் கொண்டுபோங்கள். 4.5 வோல்ட்டில் தட்டையாக ஒரு பல்ஸ், அகலம் சுமார் 160 நானோசெகண்ட்! சுவிட்ச் இன்னும் மூடியேதான் இருக்கிறது. மூடிய கணத்தில் கிளம்பும் அலை மீட்டருக்கு ஏறக்குறைய 4 நானோசெகண்ட் எடுத்துத் திறந்த முனைக்குப் போய்த் திரும்புகிறது, அது வந்து சேர்ந்ததும் கேபிள் காலி. வயரைப் பாதியாக வெட்டினால் பல்ஸும் பாதி.

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எல்எச்சி என்ற பெரிய முடுக்கிக்குள் கற்றையைச் செலுத்தும் கிக்கர்களும் இந்தக் கணக்குதான்: 54 கிலோவோல்ட் வரை ஏற்றினால் பல்ஸில் கிடைப்பது பாதி, 27. அங்கே கேபிளுக்குப் பதில் காயில்-கெபாசிட்டர் வரிசை. தயவுசெய்து வீட்டில் பேட்டரியைத் தாண்டிப் போகாதீர்கள், கிலோவோல்ட் ஏறிய கேபிள் ஆளையே கொல்லும்.

கடைசியாக 150 ஓமில் ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள். மிச்சமிருக்கும் 150 ஓம் கேபிளின் 75 ஓமோடு பொருந்தாததால் 6 வோல்ட், பிறகு 2, பிறகு 0.67 என்று படிப்படியாக இறங்கும். முடுக்கியில் அந்த 2 வோல்ட் படி வந்தால், அடுத்து வரும் கற்றைக்கும் உதை விழும்.