முதல் வண்டு: ஊசி குத்துவதிலிருந்து சீட்டு எழுதுவது வரை

பூச்சியியல் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் பட்டாம்பூச்சியில்தான் கை வைக்கிறார்கள். வேண்டாம். தொட்டாலே செதில் உதிரும், இறக்கையை விரித்து வைக்கத் தனிப் பலகை வேண்டும். வண்டுக்கு ஓடு கெட்டி. கொஞ்சம் தப்புச் செய்தாலும் தாங்கும்.

பூச்சி ஊசி, கெட்டியான தெர்மாகோல், முனை மெல்லிய இடுக்கி, கெட்டித் தாள், பென்சில் இருந்தால் போதும். குண்டூசி ஆகாது. குட்டை, தடிமன், நாளாக நாளாகத் துருவேறும். பூச்சி ஊசி சுமார் 38 மி.மீ. நீளம் இருக்கும், நடுத்தர அளவு வண்டுக்குத் தடிமனில் 2ஆம் எண் ஊசி சரியாக வரும்.

படி 1: இளக்குதல்

விளக்கடியிலோ ஜன்னல் ஓரத்திலோ செத்துக் கிடக்கும் வண்டே போதும். அது விறைத்துப் போயிருக்கும், அப்படியே குத்தினால் கால் முறியும். ஒரு டப்பாவில் ஈரத் துணியைப் பரப்பி, அதன்மேல் ஒரு சின்ன மூடியில் வண்டை வைத்து இறுக்கி மூடுங்கள். ஓரிரு நாளில் மூட்டுகள் இளகிவிடும். மறந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

படி 2: குத்துதல்

தலை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, வலது மேல்சிறகின் (முதுகை மூடியிருக்கும் கெட்டி ஓட்டின் வலது பாதி) முன்பகுதியில், நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, நேர் செங்குத்தாக இறக்குங்கள். ஊசி அடியில் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே வெளிவர வேண்டும். ஏன் வலது? நடுவில் குத்தினால் இரண்டு மேல்சிறகுகளும் விலகிக்கொள்ளும். பூச்சியின் இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால், வலதில் ஓட்டை விழுந்தாலும் இடது பாதி ஆராய முழுசாகக் கிடைக்கும்.

விரலால் பிடிக்க ஊசியின் தலைப்பக்கம் ஒரு செ.மீ. விடுங்கள். கால்களை உடம்போடு ஒட்டினாற்போல் மடக்கி, ஓரிரு வாரம் காயவிடுங்கள். பரப்பி வைத்த கால் அழகுதான், ஆனால் முதலில் உடைவதும் அதுதான்.

படி 3: சீட்டு

வண்டைவிட இதுதான் முக்கியம். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் மூன்றும் ஒரு சிறு சீட்டில், அதே ஊசியில், வண்டுக்கு அடியில் இருக்க வேண்டும். 5-6-2024 என்றால் ஜூன் 5ஆ, மே 6ஆ? இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் பூச்சியியலாளர்கள் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுகிறார்கள். 'சாணத்துக்கு அடியில்', 'இரவு விளக்கில்' போன்ற குறிப்புக்கு இரண்டாவது சீட்டு. இனப்பெயர் கடைசிச் சீட்டில், இனத்தை அடையாளம் கண்டவர் பெயரோடு. அது பிற்பாடு மாறலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவர், பூச்சியியலாளர் ஃபேப்ரீஷியஸ் இறந்தது 1808இல். அவர் ஊசியில் குத்திய பூச்சிகளைக் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இன்றும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நானோ ஒருமுறை ஆறு வண்டுகளைக் குத்திவிட்டு, சீட்டை ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஞாயிறு வந்தபோது எது எங்கே கிடைத்தது என்றே தெரியவில்லை. ஆறும் இப்போது ஊசி குத்திப் பழக மட்டும்தான்.

படி 4: காவல்

இறுக்கமாக மூடும் பெட்டியில் வையுங்கள். காய்ந்த பூச்சியைத் தின்றே வளரும் வண்டுப் புழுக்கள் உண்டு. ஊசிக்கு அடியில் மரத்தூள் மாதிரி ஏதாவது உதிர்ந்து கிடந்தால் புழு வந்துவிட்டது. அப்புறம் யோசிக்காதீர்கள்: பெட்டியை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம்.