கட்டுநாயக்காவிலிருந்து மாலே: வான்வழித் தூரத்தை நாமே கணக்கிடுவோம்

கொழும்பு–மாலே டிக்கெட்டில் புறப்பாடு 7.00, வருகை 7.55 என்று பார்த்தால் 55 நிமிடப் பயணம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது சரியா? ஒரு தாளும் போனில் இருக்கிற கால்குலேட்டரும் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: கூகுள் மேப்பில் ஓடுபாதையை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 7.18, 79.88. மாலேயின் வேலானா விமான நிலையம் 4.19, 73.53.

படி 2: கழியுங்கள். அட்சரேகையில் 2.99 டிகிரி, தீர்க்கரேகையில் 6.35 டிகிரி வித்தியாசம்.

படி 3: இரண்டையும் 60ஆல் பெருக்குங்கள். ஏன் 60? ஒரு டிகிரியை 60 சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஒரு கலை (minute). அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல். அந்த அளவே அப்படிப் பிறந்ததுதான். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது. கிடைப்பது 179.4, 381.

படி 4: தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். அதனால் 381ஐ மட்டும், இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையான 5.7 டிகிரியின் கோசைனால் (கால்குலேட்டரில் cos) பெருக்க வேண்டும். அது 0.995, விடை 379. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பெரிதாகக் குறையவில்லை. லண்டன் பக்கம் என்றால் 0.62 ஆகிவிடும். என் அக்கா மகளுக்கு இந்தப் படியில் 0.83 வந்தது. கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருந்திருக்கிறது. டிகிரிக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

படி 5: பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 179.4இன் வர்க்கம், 379இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம்: சுமார் 419 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 777 கிலோமீட்டர். பல ஆயிரம் கிலோமீட்டர் பயணங்களுக்கு இந்த வழி ஒத்துவராது, பூமியின் வளைவு விடையைக் கெடுத்துவிடும். பக்கத்துத் தீவுகளுக்குத் தாராளமாகப் போதும்.

படி 6: ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கி.மீ. என்று வைத்தால் 58 நிமிடம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, தரையில் ஊர்ந்து போகும் நேரமும் உண்டு. அதற்கு 25 முதல் 30 நிமிடம் சேருங்கள். ஆக, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

டிக்கெட்டில் 55 நிமிடம்தானே? மாலத்தீவுக் கடிகாரம் இலங்கையை விட அரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மாலேயில் 7.55 என்றால் இங்கே 8.25. உண்மைப் பயணம் 1 மணி 25 நிமிடம். திரும்பும்போது அதே பயணம் டிக்கெட்டில் 1 மணி 55 நிமிடமாகத் தெரியும். இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

காற்றையும் பார்த்துவிடுவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும் கீழைக்காற்று. மாலே போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். எதிர்க்காற்று 60 கி.மீ. என்றால் 800க்குப் பதில் 740ஆல் வகுங்கள்: 58 நிமிடம் 63 ஆகும்.